ஒரே வளவில் இரண்டு அடுப்பு: வாசகர் கணினிக் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு வாசல் வழியாக ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தன. பழைய இயங்குதளத்தை விட்டுவிடாமல் புதியதையும், விண்டோஸை விட்டுவிடாமல் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதே அந்தக் கேள்வி. எனவே இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மெய்நிகர் இயந்திரம் என்ற சொல்லை வகுப்பில் விளக்க முயன்றபோது ஒரு மாணவி, "ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி எப்படி டீச்சர் இருக்க முடியும்? அது நிஜமாகவே ஓடுகிறதா, ஓடுவதுபோல் படம் காட்டுகிறதா?" என்று கேட்டுவிட்டாள். பாடநூலில் உள்ளதைத் திருப்பிச் சொன்னேனே தவிர, எனக்கே நிறைவாக இல்லை.
பள்ளி ஆசிரியை, கண்டனூர்

பதில்: நிஜமாகவே ஓடுகிறது. அந்த மாணவிக்கு உங்கள் ஊர் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் ஆனபின் "வேறு வைக்கும்" வழக்கம் உண்டல்லவா? வீடு ஒன்றுதான், முகப்பும், வளவு எனப்படும் நடுமுற்றமும், கிணறும் எல்லாருக்கும் பொது. ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று புதுக் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்படும். அதற்கு அடுப்பு தனி, சாமான் தனி, வரவு செலவுக் கணக்கும் தனி. மெய்நிகர் இயந்திரமும் அவ்வாறு வேறு வைக்கப்பட்ட ஒரு குடித்தனமே. கணினியின் புராசசர், நினைவகம், வன்தட்டு ஆகியவை பொது வீடு. அவற்றில் ஒரு பங்கை அளந்து கொடுத்து, அந்தப் பங்கே முழுக் கணினி என்று நம்பும்படி இன்னோர் இயங்குதளத்தைக் குடியமர்த்துவது மெய்நிகராக்க மென்பொருளின் வேலை. ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தை ஹோஸ்ட் என்றும், உள்ளே குடிவந்ததைக் கெஸ்ட் என்றும் அழைக்கிறார்கள். கெஸ்ட் என்பதை "விருந்தினர்" என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விருந்தினர் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார், இது திரும்பாது.

இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். வேறு வைக்கப்பட்ட மகனுக்கு வீடு பொது என்பது தெரியும். இயங்குதளமோ, தானே வீட்டுக்கு ஒரே உடையவர் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. நினைவகத்தைப் பங்கிடுவது, விசைப்பலகையும் வன்தட்டும் எழுப்பும் குறுக்கீடுகளைக் கவனிப்பது போன்ற அதிகாரக் கட்டளைகளை அது யாரையும் கேட்காமல் நேரடியாகப் புராசசருக்கு இடும். இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் அப்படி அதிகாரம் செலுத்தினால் கணினி நின்றுவிடும். ஆகவே கெஸ்ட்டை அதிகாரம் குறைந்த நிலையில் ஓடவிடுகிறார்கள். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் போன்ற அன்றாடக் கட்டளைகள் இடையில் யாருமின்றிப் புராசசரிலேயே நிறைவேறுகின்றன. மாணவியின் ஐயத்துக்கு இதுவே விடை. அதிகாரக் கட்டளை ஒன்றைக் கெஸ்ட் இட்டால் மட்டும், புராசசர் அதைத் தடுத்து நிறுத்தி மெய்நிகராக்க மென்பொருளிடம் ஒப்படைக்கும். அது அந்த வேலையைக் கெஸ்ட்டின் பங்குக்குள் அடங்குமாறு செய்துமுடித்து, எதுவும் நடவாததுபோல் திருப்பி அனுப்பிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. எந்தப் புராசசரில் இது சீராக நடக்கும் என்பதற்கான இலக்கணத்தை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் 1974-இல் வகுத்தனர். நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல் வகைப் புராசசர் அந்த இலக்கணத்துக்கு நெடுங்காலம் பொருந்தவில்லை. அதில் 17 கட்டளைகள் முரண்டு பிடித்தன. அதிகாரம் குறைந்த நிலையில் இட்டால், அவற்றுள் சில தடுக்கப்படவும் மாட்டா, நிறைவேறவும் மாட்டா; ஓசையின்றிக் கைவிடப்படும். தடுத்திருந்தால் மேலே புகார் போயிருக்கும். வாய் திறவாமல் விட்டுவிட்டால் தவறு நடந்ததே தெரியாது. 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், கெஸ்ட்டின் கட்டளைகளை ஓடும்போதே படித்துப் பார்த்து, சிக்கலானவற்றை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றிவிடும் உத்தியைக் கையாண்டு 1999-இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. பிறகு இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் புராசசருக்குள்ளேயே இதற்கென்று தனி வசதி செய்து தந்தன. இன்று உங்கள் பள்ளிக் கணினியிலும் அந்த வசதி இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அதை எப்படிப் பார்ப்பது என்பதை மூன்றாவது கடிதத்துக்கான விடையில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்த திருமணப் பத்திரிகைகள், சாந்தி (மணிவிழா) அழைப்பிதழ்கள், பில் புத்தகங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக, பழைய தமிழ் எழுத்துருக்களில், ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருக்கின்றன. தாத்தாவின் சாந்திக்கு அடித்த மாதிரியிலேயே அப்பாவுக்கும் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கணினி இப்போது மூன்று முறை அழுத்தினால் ஒருமுறை எழுகிறது. புதுக் கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டும் உண்டு. அதைச் செருகாவிட்டால் திறக்காது. எக்ஸ்பியை அப்படியே புதுக் கணினிக்குள் வைத்துக்கொள்ள இயலுமா?
அச்சக உரிமையாளர், தேவகோட்டை

பதில்: இயலும், ஆனால் இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய வன்தட்டைப் படியெடுத்துவிடுங்கள். மூன்று முறைக்கு ஒருமுறை எழும் கணினி, ஒருநாள் எழாமலே போகும். மற்றவை எல்லாம் அதன் பிறகு.

கோப்பு ஏன் குப்பையாகத் தெரிகிறது என்பதை அறிந்துகொண்டால் வழி தெளிவாகும். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன்பு செய்யப்பட்ட தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. கோப்பில் இருப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து; அதன்மேல் "க" என்ற முகமூடியைப் போடுவது எழுத்துரு. முகமூடி இல்லாத கணினியில் உள்ளிருப்பது வெளித்தெரிகிறது, அவ்வளவுதான். எழுத்துருவை மட்டும் புதுக் கணினியில் நிறுவினால் போதாதா என்று கேட்கலாம். சில கோப்புகளுக்குப் போதும். ஆனால் உங்கள் எழுத்துரு மென்பொருளில், தட்டச்சு முறைப்படி விசைகளை மாற்றித் தரும் பகுதியும் பூட்டைச் சரிபார்க்கும் டிரைவரும் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல்) எக்ஸ்பி காலத்தவை. இன்றைய 64-பிட் விண்டோஸ் அந்தப் பழைய டிரைவர்களை ஏற்காது. பேஜ்மேக்கரோ 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதன் கோப்புகளை, அதற்குப் பின்வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன. பின்னால் வந்தவை திறப்பதில்லை. எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டென்றாலும், சொல் வந்து சேருமே தவிரப் பத்திரிகையின் கட்டமைப்பு வந்து சேராது. மாதிரியே மூலதனமாக உள்ள உங்கள் தொழிலுக்கு, எக்ஸ்பியை முழுதாகக் குடிபெயர்ப்பதுதான் தகும்.

இனி அந்தப் பூட்டைப் பாருங்கள். நீங்கள் குறிப்பிடுவதை டாங்கிள் என்பார்கள். அது யூஎஸ்பி வகையாக இருந்தால் கவலை குறைவு. மெய்நிகராக்க மென்பொருள்களான விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் இரண்டிலுமே ஒரு குறிப்பிட்ட யூஎஸ்பி கருவியை ஹோஸ்ட்டிடமிருந்து பிரித்துக் கெஸ்ட்டிடம் கொடுக்கலாம். பிரிண்டரைச் செருகுகிற பழைய 25 முள் துளையில் செருகும் வகையாக இருந்தால் நிலைமை வேறு. புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பியிலிருந்து அதற்கு மாற்றித் தரும் கம்பிகள் பிரிண்டருக்குப் பயன்படுமே அன்றி, இத்தகைய பூட்டுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அப்படியானால் எழுத்துருவை விற்றவரைத் தேடி, பூட்டில்லாத பதிப்போ யூஎஸ்பி பூட்டோ கிடைக்குமா என்று கேட்பதே நேர்வழி. இதைச் சோதித்து முடிக்கும் வரை பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

குடிபெயர்ப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வெறும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உருவாக்கி அதில் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துரு ஆகியவற்றைக் குறுந்தட்டிலிருந்து வரிசையாக நிறுவுவது ஒன்று. குறுந்தட்டுகள் கைவசம் இருந்தால் இதுவே சுத்தமான வழி. அவை தொலைந்துபோயிருந்தால், பழைய வன்தட்டைக் கழற்றித் தகுந்த இணைப்பி வழியாகப் புதுக் கணினியில் பொருத்தி, அதில் ஒன்றும் எழுதாமல் முழுத்தட்டையும் ஒரே பெரிய கோப்பாகப் படியெடுத்து, அக்கோப்பை மெய்நிகர் வன்தட்டாக மாற்றிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கருவியே அந்த மாற்றத்தைச் செய்துவிடும். இந்த இரண்டாம் வழியில் பலர் இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு. மெய்நிகர் இயந்திரத்தில் வன்தட்டை சாட்டா என்ற புதிய இணைப்பு வகையாக இணைத்தால், அதற்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பி நீலத்திரையைக் காட்டி நின்றுவிடும். ஐடிஇ என்ற பழைய வகையாக இணைக்க வேண்டும். வன்பொருள் மாறிவிட்டதாக எண்ணி எக்ஸ்பி மீண்டும் உரிமச் சரிபார்ப்பு கேட்பதும் உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது, தனியாக விலைக்கு வாங்கிய உரிமத்தைத்தான் இடம் மாற்றலாம் என்ற வேறுபாட்டையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

எக்ஸ்பிக்குப் பெரிய பங்கு வேண்டியதில்லை. நினைவகத்தில் 1 ஜிபி கொடுத்தாலே, அந்தக் காலத்தில் நீங்கள் கனவிலும் காணாத வேகத்தில் பேஜ்மேக்கர் ஓடும். ஆனால் ஒன்றை மட்டும் கொடுக்கவே கூடாது. அது இணைய இணைப்பு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை அடைபடாமலே கிடக்கின்றன. மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பில் நெட்வொர்க் அட்டையை அடியோடு நீக்கிவிடுங்கள். கோப்புப் பரிமாற்றத்துக்குப் பகிர்வுக் கோப்புறை ஒன்று போதும். எக்ஸ்பிக்குள் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி அந்தக் கோப்புறையில் போட்டுவிட்டால், புதிய விண்டோஸிலிருந்து அதைப் பிரிண்டருக்கு அனுப்பி டிரேசிங் தாளில் எடுத்துக்கொள்ளலாம். பழைய கெஸ்ட்டுக்குள் புதிய பிரிண்டரின் டிரைவரைத் தேடி அலையும் வேலையும் மிச்சமாகும்.

ஸ்னாப்ஷாட் என்ற வசதியைப் பற்றி ஒரு சொல். இயந்திரத்தின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்து, பிறகு ஏதேனும் கெட்டால் அந்த நிலைக்கே திரும்பச் செய்வது அது. அதையே காப்புப் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்னாப்ஷாட்டில் இருப்பது மூல வன்தட்டுக் கோப்புக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. மூலக் கோப்பு போனால் அதுவும் போயிற்று. எட்டு ஸ்னாப்ஷாட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நான், இடம் போதவில்லை என்று நடுவில் இருந்த ஒரு கோப்பைக் கையாலேயே அழித்து, எட்டையும் ஒரே நொடியில் இழந்தவன். மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் கோப்புறையை முழுதாக ஒரு வெளித்தட்டில் படியெடுத்து, அந்த வெளித்தட்டை அச்சகத்தில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ளன. பாடத்துக்காக லினக்ஸ் வேண்டும். சீனியர்களில் ஒருவர் டூயல் பூட் என்கிறார், ஒருவர் விர்ச்சுவல்பாக்ஸ் என்கிறார், ஒருவர் விஎம்வேர் என்கிறார். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போட்டுப் பார்த்தேன், நத்தை வேகம். சாளரத்தின் கீழே பச்சை நிறத்தில் ஓர் ஆமை தெரிகிறது. அதற்கு என்ன பொருள்?
மாணவர், காரைக்குடி

பதில்: அந்த ஆமை உங்களைக் கேலி செய்யவில்லை, காரணத்தைத்தான் சொல்கிறது. புராசசரில் உள்ள மெய்நிகராக்க வசதியை விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வி முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில், சுற்றுவழியாக ஓடுகிறது என்பதே அதன் பொருள். "நான் ஹைப்பர்-வியை நிறுவவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் என்ற பாதுகாப்பு அமைப்பும், லினக்ஸுக்கான துணை அமைப்பும் அதே அடுக்கைத்தான் பயன்படுத்துகின்றன. இணையக் காணொளிகள் பலவும் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கிற அதே கணினியில், ஒரு பாடத்தின் வசதிக்காக அதை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்று பாருங்கள். கட்டளைகளைத் தட்டிப் பழகுவது, சி நிரலைத் தொகுப்பது, பைத்தான் எழுதுவது ஆகியவையே பாடம் என்றால், விண்டோஸிலேயே உள்ள லினக்ஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பு போதும். அது உண்மையான லினக்ஸ் கருவை இலகுவான மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுவது. நினைவகத்தையும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளாமல், தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். வட்டைப் பிரிப்பது, நிறுவுவது, நெட்வொர்க் அமைப்பது ஆகியவற்றையும் கற்க வேண்டுமானால் முழு மெய்நிகர் இயந்திரமே சிறந்தது. உடைத்துப் பார்த்துப் படிப்பதற்கு அதைவிட நல்ல பட்டறை இல்லை. டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம்தான் இருக்கும், முழு வன்பொருளும் அதற்கே கிடைக்கும்; கிராஃபிக்ஸ் அட்டையை வருத்தும் வேலை இருந்தால் மட்டும் அதை நாடலாம். வட்டைப் பிரிக்கும்போது தவறினால் விண்டோஸும் சேர்ந்து போகும் என்பதால், தேர்வு நெருங்கும் மாதத்தில் அதைத் தொடாதீர்கள்.

நத்தை வேகத்துக்கு ஆமை மட்டும் காரணம் அன்று. 8 ஜிபியில் விண்டோஸும் உலாவியும் சேர்ந்தே பாதியை விழுங்கிவிடும். உபுண்டுவின் முழு மேசைத்தளம் குறைந்தது 4 ஜிபியாவது எதிர்பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாதபோது கணினி நினைவகத்துக்குப் பதிலாக வட்டை எடுத்து ஆளத் தொடங்கும், அங்கேதான் எல்லாம் தள்ளாடும். லுபுண்டு, சுபுண்டு போன்ற இலகுவான வகை ஒன்றுக்கு 2 அல்லது 3 ஜிபி கொடுத்து, உலாவியை மூடிவிட்டு ஓட்டுங்கள். கையில் காசிருந்தால் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதத்தால் கிடைக்கும் பயனைவிட அதனால் கிடைக்கும் பயன் பெரிது.

அந்த விவாதத்தையும் சுருக்கமாக முடித்துவிடுவோம். விர்ச்சுவல்பாக்ஸ் 2007 முதல் திறந்த மூலமாகக் கிடைப்பது. சன் நிறுவனத்தின் வழியாக 2010-இல் ஆரக்கிளிடம் வந்தது. அதனோடு தனியாகத் தரப்படும் விரிவாக்கத் தொகுப்பு சொந்தப் பயனுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம் என்பதை, கடை வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ, பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு 2024 நவம்பர் முதல் எல்லாருக்கும் இலவசமாகிவிட்டது. தரவிறக்கக் கணக்குத் தொடங்க வேண்டும். ஹைப்பர்-வி விண்டோஸின் ஹோம் பதிப்பில் வராது. உங்களைப் போன்ற மாணவருக்கு விர்ச்சுவல்பாக்ஸே போதும்.

புராசசரின் வசதி இயங்குகிறதா என்று பார்க்க, டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்து புராசசரைச் சொடுக்குங்கள். மெய்நிகராக்கம் இயங்குகிறது அல்லது முடக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருக்கும். முடக்கப்பட்டிருந்தால், கணினி எழும்போதே பயாஸ் என்ற தொடக்க அமைப்புப் பக்கத்துக்குள் போய் இயக்க வேண்டும். முதல் கடிதம் எழுதிய ஆசிரியைக்கும் இதுவே வழி.

கேள்வி: எங்கள் அரிசி ஆலை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் பில் என்ற பெயரில் பலவிதமான கோப்புகள் வருகின்றன. அவற்றை மெய்நிகர் இயந்திரத்துக்குள் திறந்தால் வைரஸ் வெளியே வராது என்று மருமகன் சொல்கிறார். நம்பலாமா?
ஆலை மேலாளர், புதுவயல்

பதில்: மருமகன் சொல்வது பெரும்பகுதி சரி. சுவர் உறுதியானதுதான், ஆனால் அதில் கதவு வைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். பகிர்வுக் கோப்புறையை எழுதும் உரிமையோடு திறந்து வைத்திருந்தால், உள்ளே வந்த பூட்டு வைரஸ் அதன் வழியாக ஹோஸ்ட்டின் கோப்புகளையும் பூட்டிவிடும். வெட்டி ஒட்டும் வசதி பொதுவாக இருந்தால், நீங்கள் நகலெடுத்த கடவுச்சொல் உள்ளேயும் தெரியும். நெட்வொர்க் இணைப்பு இருந்தால் அலுவலகத்தின் மற்றக் கணினிகளை அது எட்டிப் பார்க்கும். சுவரே விரிசல் விட்டதும் உண்டு. 2015-இல் வெளிப்பட்ட வெனம் என்ற ஓட்டை, மெய்நிகர் இயந்திரங்களில் யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி கருவியின் நிரலில் இருந்தது. பழைய பொருள் என்று மூலையில் போட்டுவைத்ததன் வழியே கள்ளன் வரக்கூடிய நிலை. எனவே மெய்நிகராக்க மென்பொருளையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு, விண்டோஸ் புரோ பதிப்பில் உள்ள விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இன்னும் பொருந்தும். திறக்கும்போது புத்தம் புதிய விண்டோஸ் ஒன்று வரும். மூடினால் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். பில் அனுப்பியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பது அதைவிட மலிவு என்பதையும் மருமகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் எனக்கு ஆப்பிள் மேக்புக் வாங்கி அனுப்பியிருக்கிறாள், எம் வரிசைப் புராசசர். அதில் விண்டோஸ் போட்டு என் கணக்கு மென்பொருளை ஓட்ட முடியுமா?
ஓய்வுபெற்ற கணக்காளர், காரைக்குடி

பதில்: ஓரளவு முடியும். 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் புராசசர்கள் ஆர்ம் வகை. அவை பேசும் கட்டளை மொழியே வேறு. மெய்நிகராக்கத்தில் கெஸ்ட்டின் கட்டளைகள் நேரடியாகப் புராசசருக்குப் போகும் என்று முதல் விடையில் சொன்னேன். ஆகவே இரண்டுக்கும் மொழி ஒன்றாக இருந்தாக வேண்டும். பேரலல்ஸ் போன்ற மென்பொருளில் ஆர்முக்கான விண்டோஸ் 11-ஐ நிறுவலாம். அந்த விண்டோஸ் தனக்குள்ளேயே பழைய மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். உங்கள் கணக்கு மென்பொருளுக்கு யூஎஸ்பி பூட்டு இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்காமல் காசு செலவிடாதீர்கள். வழக்கமான இன்டெல் விண்டோஸைத்தான் ஓட்டியாக வேண்டுமென்றால் யூடிஎம் போன்றவை ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டும். ஓடும், ஆனால் மார்ச் மாதக் கணக்கை அதில் முடிக்க முடியாது.

கேள்வி: எங்கள் கோயிலின் புள்ளிக் கணக்கு (வரி கொடுக்கும் குடும்பங்களின் கணக்கு), விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுதள மென்பொருளில் 1990-களில் எழுதப்பட்ட நிரலில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை புள்ளி வரிப் பட்டியல் எடுக்க வேண்டும். இதற்காக ஒரு பழைய கணினியைக் காத்து வருகிறோம். மெய்நிகர் இயந்திரம் அமைக்கலாமா?
கோயில் கணக்கைக் கவனிப்பவர், பள்ளத்தூர்

பதில்: அமைக்கலாம்; ஆனால் இந்த வேலைக்கு அது பெரிய அண்டாவில் காபி போடுவதுபோல. 64-பிட் விண்டோஸ் 16-பிட் டாஸ் நிரல்களை ஓட்டாது என்பதால்தான் பழைய கணினி தேவைப்படுகிறது. டாஸ்பாக்ஸ் என்ற சிறு மென்பொருள் அந்த டாஸ் சூழலை மட்டும் உருவாக்கித் தரும். அச்சிடும் வேலையும் இருப்பதால் அதன் வழிவந்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் உங்களுக்குப் பொருந்தும். நிரல் உள்ள கோப்புறையை அப்படியே படியெடுத்து, படியில் ஓட்டிப் பாருங்கள்.

நிரலை விடத் தரவுதான் முக்கியம் என்பது என் கருத்து. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளை லிபர்ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் நேரடியாகத் திறக்கும். பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்றாலும், பட்டியல் முழுதும் அட்டவணையாக முன்னே வந்துவிடும். திறந்ததும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கடைசியாக அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது அழிவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் விழும், பேக் என்ற கட்டளை கொடுக்கும் வரை பதிவு உள்ளேயே கிடக்கும். சில மென்பொருள்கள் அவற்றையும் சேர்த்துக் காட்டும். எண்ணிக்கை கூடுதலாக வந்தால், வரி விதிப்பதற்கு முன் அந்தப் பெயர்களைப் பழைய ஏட்டில் தேடிப் பாருங்கள்.